மட்டாஞ்சேரிச் சாலைகளும் உடலுக்கேற்ற மிதிவண்டியும்

கொச்சி நகரின் மட்டாஞ்சேரிப் பகுதி மிதிவண்டிக்கென்றே அமைந்தது போன்ற நிலமாகும். பாலங்களின் ஏற்றமன்றி வேறு மேடு அங்கே கிடையாது. 1555-இல் போர்ச்சுகீசியர் கட்டி, 1663-இல் டச்சுக்காரர் புதுப்பித்த அரண்மனைக்கும், 1568-இல் எழுந்த யூதர் ஜெபாலயத்திற்கும் இடையே உள்ளது கூப்பிடு தூரமே. அங்கிருந்து பஜார் சாலையின் மிளகு, சுக்குக் கிடங்குகளைக் கடந்து கோட்டைக் கொச்சிக் கடற்கரையை அடைய, மெதுவாக மிதித்தாலும் கால்மணி நேரம் போதும். தமிழகத்திலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் வந்து குடியேறிய சலவைத் தொழிலாளரின் தோபிகானாவும் அக்கடற்கரைக்கு அருகிலேயே இருக்கிறது. தெற்கே செல்லானம் வரை சுமார் 15 கிலோமீட்டர் கடலோரமாகவே செல்லலாம். வடக்கே வைப்பின் தீவுக்குப் போக விரும்புவோர் வாகனங்களை ஏற்றிச் செல்லும் படகில் வண்டியுடன் ஏறிக்கொள்ளலாம்.

இத்தகைய ஊரில் பொழுதுபோக்கிற்காக மிதிவண்டி வாங்குவோர் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. பந்தய வீரர் ஏறும் வண்டியை வாங்கிவிடுகின்றனர். கைப்பிடி தாழ்ந்திருக்கும், டயர் விரல் பருமனே இருக்கும். ஒரு மாதத்தில் உள்ளங்கை மரத்துப் போகிறது, கழுத்து வலிக்கிறது. பிறகு அவ்வண்டி தாழ்வாரத்தில் சாய்ந்து நின்று, உப்புக் காற்றில் துருவேறத் தொடங்குகிறது. வண்டியின் குற்றம் இதில் சிறிதுமில்லை. மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்திற்கென அமைந்த கருவியை 15 கிலோமீட்டர் வேகத்திற்குப் பயன்படுத்தியதே குற்றம்.

இதன் காரணம் பௌதிகத்தில் உள்ளது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளர்வது. அத்தடையை வெல்ல வேண்டிய திறனோ வேகத்தின் கனத்திற்கு ஏற்ப வளர்வது. வேகம் இரு மடங்கானால் காற்றுக்காகச் செலவிடும் திறன் எட்டு மடங்காகும். ஆகவே விரைந்து செல்வோர் குனிந்து உடலைக் குறுக்கிக் கொள்வதில் பொருள் உண்டு. மணிக்கு 15 கிலோமீட்டரில் உலாவச் செல்வோர் அவ்வாறு குனிவதால் பெறும் லாபம் மிகச் சிறிது. கைப்பிடி இருக்கையின் உயரத்திற்கோ அதற்குச் சற்று மேலாகவோ இருப்பின், உடலின் பாரம் மணிக்கட்டில் விழாமல் இருக்கையில் தங்கும். உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கமாகச் செல்லும் நரம்பு நெடுநேரம் அழுந்துவதே விரல்கள் மரத்துப் போவதற்குக் காரணம். கைப்பிடியை உயர்த்தினால் பெரும்பாலும் இத்தொல்லை தீரும்.

சட்டத்தின் அளவை முதலிற் கவனிக்க வேண்டும். நம் நாட்டுக் கடைகளில் நெடுங்காலமாக 22 அங்குலம், 24 அங்குலம் என்ற இரு அளவுகளே பெருவழக்காக இருந்தன. குள்ளமானவரும் நெட்டையானவரும் இவற்றுக்குள் அடங்க வேண்டியிருந்தது. இன்று பல அளவுகள் கிடைக்கின்றன. எனினும் கடைக்காரர் கையிருப்பிலுள்ளதையே பொருத்தமானது என்று கூறக்கூடும். கால்களை அகற்றி வண்டியின் மேற்குழாய்க்கு இருபுறமும் நின்றால், உடலுக்கும் குழாய்க்கும் இடையே இரண்டு மூன்று விரற்கடை இடைவெளி வேண்டும். இருக்கையின் உயரத்தைக் காண்பதற்கு எளிய முறை உண்டு. பெடல் அடிமட்டத்தில் நிற்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பின்னர் பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதிக்கும்போது முழங்கால் 25 முதல் 30 பாகை வரை மடங்கி நிற்கும். வாடகைக்கு எடுக்கும் வண்டிகளில் இருக்கை பெரும்பாலும் மிகத் தாழ்ந்தே இருக்கும். முழங்கால் வலிக்கு அதுவே காரணம் என்பதை வலித்தவர் அறிவதில்லை.

இருக்கை மெத்தென்று இருப்பதே சுகம் என்பது தவறான எண்ணமாகும். உட்காரும்போது உடலைத் தாங்குபவை இடுப்பின் அடியிலுள்ள இரண்டு எலும்பு முனைகள். மிகமெல்லிய மெத்தையில் இவை புதைந்து போக, நடுவிலுள்ள மென்மையான தசை பாரத்தைத் தாங்க நேரிடுகிறது. நெளிவட்டை ஒன்றைக் கடினமான பலகைமேல் இட்டு அதன்மீது சிறிது நேரம் அமர்ந்து எழுந்தால் இரண்டு குழிகள் பதிந்திருக்கும். அவற்றின் மையங்களுக்கு இடைப்பட்ட தூரத்துடன் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூட்டினால் வேண்டிய இருக்கையின் அகலம் கிடைக்கும். நிமிர்ந்து ஓட்டுவோருக்கு இதைவிடச் சற்று அகலமானதும் பொருந்தும்.

ஆயினும் சுகத்தில் பெரும்பங்கு டயரைச் சார்ந்ததே. ஜான் பாய்டு டன்லப் 1888-இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றது முதல், மிதிவண்டிக்குச் செய்யப்பட்ட திருத்தங்களுள் இதற்கு நிகரானது வேறில்லை எனலாம். பின்சக்கரத்தின்மீது 50 கிலோகிராம் பாரம் விழுவதாகக் கொள்வோம். காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 7 கிலோகிராம் எனில், டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 7 சதுர சென்டிமீட்டர். 60 பவுண்டாகக் குறைத்தால் பரப்பு 12 சதுர சென்டிமீட்டராக விரியும். டயரை ஈரமாக்கி, தாளின்மீது நிறுத்தி, ஒருவரை ஏறி அமரச் செய்து, பதிந்த தடத்தைக் கட்டம் போட்ட தாளில் அளந்து பார்ப்பது பள்ளிகளுக்கு ஏற்ற சோதனை. பாரத்தை அழுத்தத்தால் வகுத்தால் பரப்பு என்ற உண்மையை மாணவர் கண்ணாரக் காண்பர்; ரப்பரின் விறைப்பால் கணக்கிற்கும் அளவைக்கும் சிறிது வேறுபாடு தோன்றும்.

ஒல்லியான டயரில் அழுத்தத்தைக் குறைத்தால் பள்ளத்தில் மோதும்போது ரிம் ட்யூபை நசுக்கிவிடும். அகலமான டயரில் குறைந்த அழுத்தம் தீங்கு செய்யாது. பஜார் சாலையில் லாரிச் சக்கரங்களால் குழிந்த இடங்களும், சாக்கடை மூடிகளும், மழைக்குப் பின் பெயர்ந்த ஜல்லியும் உண்டு. அங்கே 23 மில்லிமீட்டர் டயர் தண்டனையே. 32 முதல் 38 மில்லிமீட்டர் வரை அகலமுள்ளதே தக்கது. 622 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரிம்முக்கு இவ்வளவுகளில் டயர்கள் கிடைக்கும். பழைய ரோட்ஸ்டர் வண்டியின் ரிம் 635 மில்லிமீட்டர் ஆகையால் ஒன்றன் டயர் மற்றதற்குப் பொருந்தாது. வாங்குவதற்கு முன் சட்டத்திலும் முள்ளிலும் மட்கார்டு பொருத்த இடமுண்டா என்றும் பார்க்க வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் மட்கார்டு இல்லாத வண்டி ஆண்டின் பாதி நாள் பயன்படாது. முன்முள்ளில் சுருள்வில் வைத்த மலிவான வண்டிகளைத் தவிர்ப்பதே நலம். அவை பாரத்தைக் கூட்டுவதோடு, உப்புக் காற்றில் விரைவில் இறுகிவிடுகின்றன.

அடுத்தது பிரேக். உயிரைக் காக்கும் உறுப்பு இதுவேயாதலால் இங்கே சிக்கனம் கூடாது. மணிக்கு 20 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 5.6 மீட்டர். உலர்ந்த சாலையில் வினாடிக்கு 3 மீட்டர் வீதம் வேகம் குறையுமானால் வண்டி 5 மீட்டரில் நிற்கும். அதே பிரேக் ஈரத்தில் மூன்றிலொரு பங்கே பிடிக்குமானால் நிற்பதற்கு 15 மீட்டர் வேண்டும். கிடங்கிலிருந்து லாரி ஒன்று திடீரெனப் பின்னோக்கி வெளிவரும் சந்தில் அந்தப் பத்து மீட்டரின் மதிப்பை விளக்க வேண்டியதில்லை. குரோமியம் பூசிய எஃகு ரிம்களில் ரப்பர்க் கட்டையின் பிடிப்பு மழையில் வெகுவாகக் குறையும். அலுமினிய ரிம் அதனினும் மேல். மழையிலும் ஓட்ட நினைப்பவருக்கு டிஸ்க் பிரேக்கே சிறந்தது. வாத்துருத்தி ரயில்வே கேட்டைப் போன்ற இடங்களில், ஈரமான தண்டவாளத்தைச் செங்குத்தாகவே கடக்க வேண்டும். சாய்வாகக் கடந்தால் எந்த டயரும் வழுக்கும்.

பல்லிணைகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. முன்னே 44 பல், பின்னே 18 பல் உள்ள ஒரே இணையில் பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால், 32 மில்லிமீட்டர் டயர் உள்ள வண்டி ஏறக்குறைய 5¼ மீட்டர் நகரும். நிமிடத்திற்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 19 கிலோமீட்டர். சமதரைக்கு இதுவே போதும். பாலங்களின் ஏற்றத்திற்கும் கடற்காற்றை எதிர்த்து வருவதற்கும் பின்புறம் ஏழு எட்டுப் பற்சக்கரங்கள் இருப்பின் வசதி. முன்புறம் மூன்று சக்கரங்கள் வைப்பது வீண் சுமை.

மட்டாஞ்சேரி வண்டிகளுக்குப் பெரும்பகை உப்பாகும். ஈரக் காற்றிலுள்ள குளோரைடு எஃகைத் துருப்பிடிக்கச் செய்வதோடு, அலுமினியமும் எஃகும் தொட்டு நிற்கும் இடத்தில் மின்வேதியியல் அரிப்பையும் உண்டாக்குகிறது. எஃகுச் சட்டத்தினுள் இருக்கும் அலுமினிய இருக்கைத் தண்டு கிரீஸ் இன்றி ஈராண்டு கிடந்தால், அதனைக் கழற்றச் சட்டத்தையே அறுக்க நேரிடலாம். கடலோரம் சென்று வந்ததும் நன்னீரால் கழுவி, துடைத்து, செயினின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் இட வேண்டும். துருப்பிடிக்காத எஃகு ஸ்போக்குகளுக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவிடலாம். செயினின் தேய்வை எஃகு அளவுகோலால் அறியலாம். புதிய செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் நீளம். அது 12 1/16 அங்குலமாக நீண்டுவிட்டால் உடனே மாற்ற வேண்டும். தாமதித்தால் பற்சக்கரங்களையும் சேர்த்து மாற்ற நேரிடும்.