கொல்லிமலைக் காட்டுப் பயணம்: நோயாளிகளும் உடன் செல்வோரும் அறிய வேண்டியவை

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகக் கொல்லிமலை அமைந்துள்ளது. ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் பரந்துள்ள இதன் மேற்பரப்பில் எடப்புளி நாடு, வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு எனப் பல ஊராட்சிகள் உள்ளன. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. முதுகுப்பையுடன் காட்டுப் பாதையில் நடக்கவும், பறவைகளையும் விலங்குகளையும் காணவும் இம்மலைக்கு வருவோர் பலர். அவர்களுள் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களும் உண்டு.

நோய் இருப்பதாலேயே இப்பயணத்தைத் தவிர்க்க வேண்டியதில்லை. ஆயினும் சமவெளியில் அரை மணி நேரத்தில் கிடைக்கும் சிகிச்சை, மலைக்காட்டில் பல மணி நேரம் தள்ளிப்போகக்கூடும். அந்த நேரத்தை வீணாக்காதிருப்பதே உயிர் காக்கும். புறப்படும் முன்னரும், காட்டுக்குள்ளும், வீடு திரும்பிய பின் மூன்று வாரங்கள் வரையிலும் கவனிக்க வேண்டியவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

புறப்படும் முன்

கொல்லிமலையின் உயரத்தில் பொதுவாக "மலை உயர நோய்" ஏற்படுவதில்லை. அந்நோய் பெரும்பாலும் 2500 மீட்டருக்கு மேல்தான் தோன்றும். ஆகவே இங்கு மூச்சுத்திணறல் வந்தால், "மலை ஏறியதால் அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடக்கூடாது. இதயம் அல்லது நுரையீரல் தொடர்பான காரணம் இருக்கலாம் எனக் கருதி நடையை நிறுத்த வேண்டும்.

ஆகாய கங்கை அருவிக்குச் செல்வோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகிலிருந்து அருவிக்கு ஆயிரத்திற்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். மலைக்கோயில்களில் முதலில் ஏறுகிறோம்; களைத்தால் பாதியில் திரும்பிவிடலாம். இங்கோ இறங்குவது எளிதாகத் தோன்றும். களைத்த பிறகே ஏற வேண்டியிருக்கும். அண்மையில் மாரடைப்பு ஏற்பட்டவர்கள், ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்கள், நடந்தால் நெஞ்சு வலிப்பவர்கள், கருவுற்ற பெண்கள் ஆகியோர் மருத்துவரின் ஆலோசனை பெற்ற பின்னரே இதனை முடிவு செய்ய வேண்டும்.

நீரிழிவு நோயாளிகள் கவனத்திற்கு: வளைவுகள் மிகுந்த சாலையில் குமட்டலும் வாந்தியும் பலருக்கு ஏற்படும். இன்சுலின் அல்லது மாத்திரை எடுத்துக்கொண்டு, உண்ட உணவை வாந்தி எடுத்துவிட்டால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகக் குறையலாம். வியர்வை, நடுக்கம், குழப்பமான பேச்சு ஆகியவை அதன் அறிகுறிகள். சர்க்கரை, குளுக்கோஸ் அல்லது பழச்சாறு எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

முதுகுப்பையில் இருக்க வேண்டியவை:

- வழக்கமான மருந்துகள், திட்டமிட்ட நாட்களைவிட இரண்டு நாட்களுக்குக் கூடுதலாக. அவற்றை இரண்டு பைகளில் பிரித்து வைக்கவும்.
- ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இன்ஹேலர். இது பையின் அடியில் அல்லாமல் சட்டைப்பையில் இருக்க வேண்டும்.
- உப்பு சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) பொட்டலங்கள், கட்டுத்துணி, சோப்பு, கைவிளக்கு, விசில்.
- ஒரு தாளில் உங்கள் பெயர், வயது, நோய்கள், உண்ணும் மருந்துகள், ஒவ்வாமை, உறவினரின் தொலைபேசி எண். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உட்கொள்வோர் அதனைத் தவறாமல் குறிப்பிட வேண்டும்.

வனப்பகுதிக்குள் நடக்க வனத்துறையின் அனுமதி கட்டாயம். இது வெறும் நடைமுறை அன்று. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேற்றம் சென்றவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். யார், எந்தப் பாதையில், எத்தனை பேர் சென்றுள்ளனர் என்பது தெரிந்திருந்தால்தான் மீட்புப் பணி விரைவாக நடைபெறும்.

காட்டுக்குள்: பாம்புக்கடி

இந்தியாவில் பெரும்பாலான பாம்புக்கடி மரணங்களுக்கு நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கும் காரணமாகின்றன. நம் நாட்டில் பயன்படுத்தப்படும் விஷமுறிவு மருந்து இந்நான்கின் நஞ்சுக்கும் எதிராகத் தயாரிக்கப்படுகிறது. எந்தப் பாம்பு கடித்தது என்று தெரியாவிட்டாலும், நோயாளியின் அறிகுறிகளையும் இரத்தம் உறையும் தன்மையையும் கொண்டு மருத்துவர் சிகிச்சையை முடிவு செய்வார். எனவே பாம்பைத் தேடவோ, அடிக்கவோ, பிடித்து வரவோ தேவையில்லை.

கடித்தவுடன் செய்ய வேண்டியவை:

- நோயாளியை அமைதிப்படுத்தி, பாம்பிருந்த இடத்திலிருந்து விலக்கவும்.
- மோதிரம், வளையல், கைக்கடிகாரம், கொலுசு, காலணி ஆகியவற்றை உடனே கழற்றவும். வீக்கம் தோன்றிய பின் கழற்றுவது கடினம்.
- எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல், கடிபட்ட கை அல்லது காலை ஒரு குச்சியுடன் தளர்வாகக் கட்டி அசையாமல் வைக்கவும்.
- நோயாளியை நடக்க விடாமல் தூக்கிச் செல்லவும். வாந்தி இருந்தால் இடது பக்கமாகப் படுக்க வைக்கவும்.
- கடித்த நேரத்தைக் குறித்து வைத்து, 108 எண்ணை அழைக்கவும்.

செய்யக்கூடாதவை: கயிற்றால் இறுகக் கட்டுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல், பனிக்கட்டி வைத்தல், பச்சிலை அல்லது மஞ்சள் பூசுதல், மது கொடுத்தல். இவை நஞ்சை வெளியேற்றுவதில்லை. நேரத்தை மட்டுமே விழுங்குகின்றன. இறுகிய கட்டினால் இரத்த ஓட்டம் நின்று, கை காலையே இழக்க நேரிடலாம்.

கூடாரத்தில் தங்குவோர் கட்டுவிரியனைப் பற்றித் தனியாக அறிந்திருக்க வேண்டும். இது பெரும்பாலும் இரவில், தரையில் உறங்குவோரைக் கடிக்கிறது. கடித்த இடத்தில் வலியோ, வீக்கமோ, பல் தடமோ இல்லாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி, பின்னர் இமைகள் தாழ்தல், விழுங்க முடியாமை, மூச்சுத்திணறல் எனத் தொடரும். தரையில் உறங்கி எழுந்த ஒருவருக்குக் காரணம் தெரியாத வயிற்று வலியுடன் இமை தாழ்ந்தால், "உணவு ஒத்துக்கொள்ளவில்லை" என்று காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். கட்டிலில் உறங்குவதும், படுக்கையின் அடியில் நன்கு செருகிய கொசுவலையும் இக்கடியைப் பெருமளவு தடுக்கும்.

மலையை விட்டு இறங்கி நகரத்து மருத்துவமனைக்குத்தான் செல்ல வேண்டும் என முடிவு செய்து, வழியிலுள்ள அரசு மருத்துவமனையைக் கடந்துவிடாதீர்கள். மலைமீது செம்மேட்டில் அரசு மருத்துவமனை உள்ளது. முதல் சிகிச்சையை அருகிலேயே பெற்று, தேவைப்பட்டால் அங்கிருந்து ஆம்புலன்சில் மேல் சிகிச்சைக்குச் செல்வதே பாதுகாப்பானது.

விலங்குகள், தேனீக்கள், குடிநீர்

கரடிக்குப் பார்வைத்திறன் குறைவு. எதிர்பாராமல் மிக அருகில் மனிதரைக் கண்டால் அச்சத்தால் தாக்குகிறது. அதிகாலையிலும் மாலை மயங்கிய பின்னரும் தனியாக நடக்காதீர்கள். பலாப்பழக் காலத்தில் தோப்புகளின் அருகில் கூடுதல் கவனம் தேவை. குழுவாக, பேசிக்கொண்டே செல்லுங்கள். கரடியைக் கண்டால் ஓடாமல், மெதுவாகப் பின்வாங்குங்கள். அது மேலே பாய்ந்துவிட்டால் குப்புறப் படுத்து, இரு கைகளாலும் பின்கழுத்தைக் காத்துக்கொள்ளுங்கள்.

குரங்குகளுக்கு உணவளிக்க வேண்டாம். குரங்கு, கரடி, நாய் என எது கடித்தாலும் கீறினாலும், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெறிநோய்க்கான அறிகுறிகள் தோன்றிவிட்டால் உயிரைக் காப்பாற்றுவது மிக அரிது; ஆனால் உரிய நேரத்தில் தடுப்பூசி போட்டுக்கொண்டால் அந்நோயைத் தடுத்துவிடலாம். பயணம் முடியட்டும் எனத் தள்ளிப்போடாதீர்கள்.

தேன்கூடு உள்ள மரத்தடியில் புகை எழுப்பாதீர்கள். தேனீ கொட்டிய பின் உடல் முழுதும் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல், மயக்கம் தோன்றினால் அது உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை. உடனடியாக 108 எண்ணை அழைக்க வேண்டும்.

ஓடை நீர் தெளிவாக இருந்தாலும் கொதிக்க வைத்தே பருகுங்கள். அறியாத காய், கிழங்கு, காளான் எதனையும் உண்ணாதீர்கள். வழி தவறினால் அலைய வேண்டாம். இருந்த இடத்திலேயே அமர்ந்து, விசிலை மும்மூன்று முறை ஊதுங்கள். ஒருவர் ஓரிரு நாட்கள் உணவின்றித் தாக்குப்பிடிக்கலாம். இரவில் பள்ளத்தில் விழுவதே பெரிய ஆபத்து. ஆனால் நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் உணவின்றி இருக்கலாகாது.

வீடு திரும்பிய பின்: மூன்று வாரக் காய்ச்சல்

பலரும் கவனிக்கத் தவறுவது இப்பகுதியையே. புதர்களிலும் புல்வெளியிலும் கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு வகை உண்ணியின் இளம்புழுக்கள் உள்ளன. இவை கடிப்பதால் "ஸ்க்ரப் டைபஸ்" எனும் காய்ச்சல் பரவுகிறது. கடித்த 6 முதல் 21 நாட்களுக்குள் கடுங்காய்ச்சல், தலைவலி, உடல்வலி தோன்றும். அதற்குள் பயணம் பழைய செய்தியாகிவிடுவதால், நோயாளி மருத்துவரிடம் அதனைக் கூறுவதில்லை.

இளம்புழு கடித்த இடத்தில், சிகரெட் சுட்டதுபோல் கருமையான பொருக்குடன் ஒரு சிறு புண் சிலருக்கு இருக்கும். அது வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு, மார்பகத்தின் அடிப்பகுதி போன்ற மறைவான இடங்களில் இருப்பதால் நோயாளிக்கே தெரியாமல் போகலாம். உடனிருந்து கவனிப்போர் வெளிச்சத்தில் உடல் முழுவதையும் பார்த்து, அத்தகைய புண் இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். புண் இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது.

இந்நோய்க்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் ஆகிய மருந்துகள் நன்கு பயனளிக்கின்றன. பெரும்பாலும் இரண்டு நாட்களில் காய்ச்சல் தணிந்துவிடும். பென்சிலின் வகை மருந்துகள் இதற்குப் பயன் தருவதில்லை. ஆகையால் கடையில் தாமாக மருந்து வாங்கி உண்பது நாட்களை இழக்கச் செய்யும். முதல் சில நாட்களில் இரத்தப் பரிசோதனையில் நோய் தென்படாமலும் போகலாம். அதனால்தான் நீங்கள் கூறும் பயண விவரம் மருத்துவருக்கு அத்துணை முக்கியம். சிகிச்சை தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியன பாதிக்கப்படலாம். மூச்சுத்திணறல், குழப்பம், சிறுநீர் குறைதல், கண் மஞ்சளாதல் ஆகியவை அபாய அறிகுறிகள்.

மலேரியா, டெங்கு, எலிக்காய்ச்சல் ஆகியவையும் பயணத்திற்குப் பின் காய்ச்சலாகத் தோன்றக்கூடும். முழுக்கை, முழுக்கால் ஆடை அணிதல், புல்தரையில் நேரடியாக அமராதிருத்தல், திரும்பியவுடன் குளித்து ஆடைகளை வெந்நீரில் துவைத்தல் ஆகியவை உண்ணிக்கடியைத் தடுக்க உதவும்.

திரும்பிய மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவரிடம் நீங்கள் முதலில் கூற வேண்டியது இதுவே: "இந்தத் தேதியில் காட்டுக்குச் சென்று வந்தேன்." அவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

அவசர ஊர்தி: 108
மருத்துவ ஆலோசனை: 104