கிளியின் சிறகை வெட்டலாமா?

நம் தோட்டப்புற இல்லங்களில் ஆடு, கோழிகளுக்கு இருப்பதுபோலவே கிளிக்கும் நெடுங்காலமாக ஓர் இடம் உண்டு. லயத்து வீட்டின் முன்வாசலில் தொங்கும் கூண்டும், வேலை முடிந்து வருவோரைக் குரல் கொடுத்து வரவேற்கும் கிளியும் நாம் அனைவரும் கண்டு பழகிய காட்சிகளே. குழந்தைகளுக்கு அது தோழன். முதியோருக்கு அது பேச்சுத் துணை.

கிளி வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “கிளி பறந்து போய்விடாமல் இருக்கச் சிறகை வெட்டிவிடலாமா?” என்பதே அது. இக்கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூற இயலாது. சிறகு எவ்வாறு அமைந்துள்ளது, வெட்டுவதால் நேர்வன யாவை, வெட்டாமல் காக்கும் வழிகள் எவை என்பவற்றை அறிந்த பின்னரே நாம் ஒரு முடிவுக்கு வருதல் வேண்டும்.

ஒரு பழைய நிகழ்ச்சி

1989ஆம் ஆண்டில் நான் ஒன்பது வயதுச் சிறுவன். பால் வெட்டும் தொழிலாளியான என் தந்தையார், மறுநடவுக்காகச் சாய்க்கப்பட்ட பட்டமரம் ஒன்றின் பொந்திலிருந்து ஒரு கிளிக்குஞ்சை எடுத்து வந்தார். சில மாதங்களில் அது இறகு முற்றி வீட்டுக்குள் பறக்கத் தொடங்கியது. “ஒரு நாள் பறந்து போய்விடும், பிள்ளை அழுவான்” என்று அம்மா கவலைப்பட்டார். தந்தையார் கத்தரிக்கோலை எடுத்து அதன் இடப்பக்கச் சிறகை மட்டும் வெட்டினார்.

அவர் அவ்வாறு செய்ததற்குக் காரணம் இருந்தது. வேலி தாண்டும் கோழிக்கு ஒரு பக்கச் சிறகை வெட்டுவது தோட்டத்து வழக்கம். ஒரு பக்கம் குறைந்தால் கோழி சமநிலை இழக்கும், மேலெழும்பாது. கோழிக்குச் செய்ததையே அவர் கிளிக்கும் செய்தார். ஆனால் கோழி தரையில் நடந்து வாழும் பறவை. கிளியோ மரத்தில் வாழும் பறவை. அச்சம் தோன்றினால் கோழி ஓடும். கிளி மேலே பறக்கும். மேலே பறப்பதைத் தவிரத் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி கிளிக்கு வேறில்லை.

அதன்பின் எங்கள் கிளி எழும்ப முயன்ற போதெல்லாம் சுழன்று விழுந்தது. ஒரு மாலை வேளையில் அதனை வாசற்படியில் விட்டிருந்தோம். பக்கத்து லயத்துப் பூனை வந்தது. கிளி கூரை விளிம்பை நோக்கி எழும்பியது. பாதி உயரத்தில் சுழன்று பூனையின் முன்னேயே விழுந்தது. நாங்கள் ஓடிச் செல்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றிரவு தந்தையார் உணவு கொள்ளவில்லை. கிளி பத்திரமாக இருக்க வேண்டும் என்றே அவர் சிறகை வெட்டினார். அந்த வெட்டே அதற்குத் தப்ப வழியில்லாமல் செய்துவிட்டது.

சிறகின் அமைப்பு

கிளியின் ஒவ்வொரு சிறகின் வெளி ஓரத்திலும் நீண்ட, வலிமையான பத்து இறகுகள் உள்ளன. பறவையை முன்னோக்கிச் செலுத்துபவை இவையே. இவற்றை முதன்மை இறகுகள் என்பர். உடலுக்கு அருகில் உள்ள அடுத்த வரிசை இறகுகள் பறவையைக் காற்றில் தாங்கி நிற்பவை. இவ்விரு வரிசைகளின் அடிப்பகுதியையும் சிற்றிறகுகள் போர்வை போல மூடியிருக்கின்றன.

முற்றிய இறகின் தண்டில் இரத்தமும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. முற்றத்தில் உதிர்ந்து கிடக்கும் கோழியிறகை எடுத்துப் பாருங்கள். அதன் தண்டு உலர்ந்து, உள்ளே வெறுமையாய் இருக்கும். நம் நகத்தை வெட்டுவது போலவே முற்றிய இறகை வெட்டுவதும் வலி தராது.

ஆனால் முளைத்து வரும் இறகின் நிலை வேறு. வளரும் கோழிக்குஞ்சின் சிறகைக் கவனித்தால், புதிய இறகின் அடித்தண்டு பருத்துக் கருநீல நிறமாய்த் தோன்றும். அதனுள் இரத்தம் ஓடுகிறது. கிளியின் முளையிறகும் அத்தகையதே. அதனை வெட்டினால் இரத்தம் ஒழுகும்.

இரத்தப் போக்கு சிறிய பறவைக்கு எவ்வளவு பெரிய ஆபத்து என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பறவையின் உடல் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இரத்தம். காக்கட்டீல் என்னும் கொண்டைக்கிளியின் எடை சுமார் 90 கிராம். அப்படியானால் அதன் உடலில் உள்ள மொத்த இரத்தமே 9 மில்லிலீட்டர், அதாவது இரண்டு தேக்கரண்டிக்கும் குறைவு. நமக்கு ஒரு பொருட்டாகத் தோன்றாத சில பத்துத் துளிகள் அதன் உயிரைப் பறித்துவிடக் கூடும்.

வெட்டுவதால் நேர்வன

சிறகை வெட்டுவதால் பயனே இல்லை என்று கூறிவிட முடியாது. சுழலும் விசிறியில் மோதுதல், கொதிக்கும் சட்டியில் விழுதல், திறந்த கதவு வழியே பறந்து மறைதல் ஆகிய விபத்துகளை அது ஓரளவு குறைக்கும். கூண்டுக்கு வெளியே பறவையைப் பழக்குவதும் சற்று எளிதாகும். எனினும் பின்வரும் உண்மைகளை மறத்தலாகாது.

முதலாவது, சிறகு வெட்டிய பறவை பறக்கவே பறக்காது என்பது தவறான நம்பிக்கை. உடல் எடை குறைந்த பறவைகள் எஞ்சிய இறகுகளைக் கொண்டே எழும்பிவிடும். வெளியே காற்று வீசினால், வெட்டுண்ட பறவையும் பால்மர உச்சிவரை சென்றுவிடலாம். ‘சிறகுதான் வெட்டியாயிற்றே’ என்று தோளில் ஏற்றிக்கொண்டு வெளியே சென்று கிளியை இழந்தவர்கள் பலர்.

இரண்டாவது, உதிர்ந்த இறகுக்குப் பதிலாகப் புதிய இறகு முளைக்கும். கிளிகள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறை இறகுகளைச் சிறிது சிறிதாக உதிர்த்துப் புதுப்பிக்கும். நேற்றுவரை எழும்பாத பறவை இன்று எழும்பிப் பறந்துவிடும்.

மூன்றாவது, அளவுக்கு மீறி வெட்டப்பட்ட பறவை கல்லைப் போல் விழும். மார்பெலும்பில் அடிபட்டுத் தோல் பிளந்து புண்ணாகும். சாம்பல் கிளி போன்ற கனமான பறவைகளுக்கு இவ்விபத்து மிகுதி.

நான்காவது, பறத்தல் கிளிக்கு உடற்பயிற்சி. பறக்காத பறவையின் மார்புத் தசை மெலியும். உடலில் கொழுப்பு சேரும். சில பறவைகள் அச்சமும் சலிப்பும் மேலிட்டுத் தம் இறகுகளைத் தாமே பிடுங்கத் தொடங்கும்.

வெட்டியே ஆகவேண்டும் என்றால்

பால் வெட்டுவோருக்கு ஓர் உண்மையை நான் கூறத் தேவையில்லை. பட்டையை அளவோடு சீவினால் பால் வரும். சீவிய இடத்தில் புதுப்பட்டையும் வளரும். கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டால், அவ்விடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து பின்னாளில் வெட்டுக்குப் பயன்படாமல் போகும். கைத்திறன் என்பது எங்கே நிறுத்துவது என்பதை அறிவதே. சிறகு வெட்டுவதிலும் அத்திறனே வேண்டும்.

கால்நடை மருத்துவர் அல்லது நன்கு பழகிய ஒருவர் செய்வதை முதலில் கண்டறியாமல் எவரும் கத்தரிக்கோலை எடுத்தலாகாது. பின்வரும் விதிகளையும் மனத்திற் கொள்க.

1. குஞ்சுப் பருவத்தில் வெட்டுதல் கூடாது. பறவை முதலில் நன்கு பறக்கவும், திரும்பவும், தரையிறங்கவும் கற்றுக்கொள்ள வேண்டும்.

2. இரு சிறகுகளிலும் சம எண்ணிக்கையில் வெட்டுதல் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வெட்டுவது பெருந்தவறு.

3. வெளி ஓரத்து முதன்மை இறகுகளில் சிலவற்றை மட்டுமே வெட்டுக. உடலுக்கு அருகில் உள்ள இறகுகளைத் தொடாதீர்கள்.

4. போர்வை இறகுகளின் நுனிக்கு உள்ளே கத்தரிக்கோல் செல்லக் கூடாது. அந்நுனிக்கு வெளியே ஒரு சென்டிமீட்டர் அளவாவது விடுதல் நலம்.

5. ஒவ்வோர் இறகின் தண்டையும் வெளிச்சத்தில் பார்த்த பின்னரே வெட்டுக. கருத்த, பருத்த தண்டு இருந்தால் அது முளையிறகு, அதனை வெட்டலாகாது. கருமையான இறகுடைய பறவைகளில் இதனைக் கண்டறிவது கடினமாதலால் கூடுதல் கவனம் தேவை.

6. வெட்டிய பின் மெத்தை விரித்த இடத்தில் பறவையைச் சோதித்துப் பாருங்கள். அது சறுக்கி மெல்லத் தரையிறங்க வேண்டும். தொப்பென்று விழுந்தால் வெட்டு மிகுந்துவிட்டது என்பது பொருள்.

தவறி முளையிறகு வெட்டுப்பட்டால், சுத்தமான துணியால் அல்லது சோள மாவினால் அவ்விடத்தை மெல்ல அழுத்திப் பிடிக்க வேண்டும். சில நிமிடங்களில் இரத்தம் நிற்கவில்லையெனில் தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்க.

வெட்டாமலே காப்பது எப்படி?

என் கருத்தில், பெரும்பாலான இல்லங்களில் சிறகை வெட்ட வேண்டிய தேவையே இல்லை. நாம் வெட்ட வேண்டியது நம் கவனக்குறைவையே.

கிளியை வெளியே விடும் நேரத்தை முறைப்படுத்துங்கள். வேலை முடிந்து, சமையல் ஓய்ந்த பின் அரை மணி நேரம் போதுமானது. அவ்வேளையில் கதவும் பலகணியும் சாத்தப்பட்டிருக்க வேண்டும். விசிறி நின்றிருக்க வேண்டும். குளியலறைத் தொட்டி, தண்ணீர்த் தோம்பு, வாளி ஆகியவற்றை மூடி வைக்க வேண்டும். வழுக்கும் சுவருடைய தொட்டியில் விழுந்த கிளி வெளியேற இயலாது. முகக்கண்ணாடியையும் கண்ணாடிப் பலகணியையும் திரையிட்டு மறைக்க வேண்டும். கண்ணாடி இருப்பதைப் பறவை அறியாது. பூனையும் நாயும் வேறிடத்தில் இருக்க வேண்டும்.

கூண்டை அடுப்பங்கரையில் தொங்கவிடாதீர்கள். பறவைகளின் சுவாச உறுப்புகள் மிக மென்மையானவை. ஒட்டாத பூச்சுப் பூசிய சட்டி அளவு மீறிச் சூடேறும்போது எழும் ஆவி, மனிதர் உணருமுன் பறவையைக் கொன்றுவிடும். கொசுவர்த்திப் புகையும் களைக்கொல்லி வாடையும் ஆகா.

காலில் சங்கிலி பூட்டும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். திடுக்கிட்டுப் பறக்கும் பறவை சங்கிலியின் எல்லையில் வெட்டி இழுக்கப்படும்போது அதன் கால் முறிந்துவிடும். வெளியே கொண்டு செல்வதானால் கூண்டிலேயே கொண்டு செல்லுங்கள்.

எல்லாவற்றினும் மேலாக, அழைத்தால் வரப் பழக்குங்கள். ஒரு கையில் சூரியகாந்தி விதையை வைத்துக்கொண்டு, ஒரு முழத் தூரத்திலிருந்து ஒரே சொல்லால் அழையுங்கள். வந்தவுடன் விதையைக் கொடுங்கள். நாளடைவில் தூரத்தைக் கூட்டுங்கள். நாள்தோறும் பத்து நிமிடம் போதும். இப்பணியைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம். பொறுமை என்னும் பாடத்தை அவர்கள் இதன்வழி கற்பார்கள்.

பறந்து போய்விட்டால்

வளர்ப்புக் கிளி மேலே ஏறுவதற்கு அறியும். உயர்ந்த மரத்திலிருந்து இறங்குவதற்கு அறியாது. ஆகவே அது பெரும்பாலும் அருகிலேயே தங்கியிருக்கும். துரத்தாதீர்கள், கல்லெறிந்து இறக்க முயலாதீர்கள். கூண்டைத் திறந்து, அது விரும்பும் உணவுடன் அதன் பார்வையில் படும்படி வையுங்கள். மறுநாள் விடியற்காலையில் தேடுங்கள். கிளிகள் உரக்கக் குரலெழுப்புவது விடியலிலேதான். பால் வெட்டப் புறப்படுவோர் நிரைக்குள் நடக்கும் நேரமும் அதுவே. எனவே பிரட்டுக் களத்தில் செய்தியைச் சொல்லி வையுங்கள். பல காதுகள் உங்களுக்கு உதவும்.

சட்டம் கூறுவது

தீபகற்ப மலேசியாவில் காட்டுப் பறவைகளை 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. பாயான் என மலாய் மொழியில் வழங்கும் நீள்வால் கிளியையும், செரிண்டிட் எனப்படும் சிறு கிளியையும் மரப்பொந்திலிருந்து எடுப்பதோ உரிமமின்றி வளர்ப்பதோ குற்றமாகும். அபராதமும் சிறைத் தண்டனையும் உண்டு. என் தந்தையார் 1989இல் செய்ததை இன்று எவரும் செய்தலாகாது; அந்நாளிலும் காட்டுயிர்களைக் காக்க 1972ஆம் ஆண்டின் சட்டம் இருந்தது. எங்களுக்குத்தான் அது தெரியவில்லை. கடையில் வாங்கும் கிளிக்கு உரிமம் தேவையா என்பதை, வாங்குவதற்கு முன்னரே பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு இலாகாவின் அலுவலகத்தில் கேட்டறியுங்கள். மேலும், வளர்ப்பவரின் கடமைகளை 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் வரையறுக்கிறது. வேண்டாத துன்பம் தருவது சட்டப்படியும் குற்றமே.

வாசகர்களே! சிறகை வெட்டுவதற்கு ஒரு நிமிடம் போதும். கதவைச் சாத்துவதற்கும், விசிறியை நிறுத்துவதற்கும், அழைத்தால் வரப் பழக்குவதற்கும் நாள்தோறும் சிறிது நேரம் வேண்டும். அந்தச் சிறிது நேரத்தைத் தர இயலுமா என்று முதலில் நம்மையே கேட்டுக்கொள்வோம். இயலும் என்றால் கிளி வளர்ப்போம். இயலாது என்றால், பால்மரக் காட்டுக்கு மேலே கூவிச் செல்லும் கிளிக்கூட்டத்தை நம் பிள்ளைகளுக்குக் காட்டி மகிழ்வோம். அதுவும் கிளிக்குச் செய்யும் நன்மையே.