கதிர் வைத்தியம்: ஒரே நாளில் முடித்தால் என்ன?

ஜலகண்டாபுரம் சேலம் மாவட்டத்து நெசவாளர் ஊர். தறி வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். பாவில் ஒரு இழை அறுந்தால் பதற வேண்டாம். முடிச்சுப் போட்டு மறுபடி நெய்யலாம். பல இழைகள் ஒன்றாக அறுந்து, யாரும் கவனிக்காமல் தறி ஓடிக்கொண்டே இருந்தால்? துணி பாழ்!

புற்று நோய்க்குக் கொடுக்கும் கதிர் வைத்தியத்திலும் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது.

ஆள் உயர நூல்

நம் உடம்பு கோடி கோடி "செல்"களால் ஆனது. கண்ணுக்குத் தெரியாத ஒரு செல்லுக்குள் 46 துண்டு நூல் சுருண்டு கிடக்கிறது. எல்லாவற்றையும் நீட்டி வைத்தால் சுமார் 2 மீட்டர். ஆள் உயரத்துக்கும் அதிகம்!

அது இரட்டைப் புரி நூல். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, நூலுக்கும் ஒரு நகல் எடுத்து, ஆளுக்கு ஒன்றாகப் பங்கிட்டுக்கொள்ளும்.

கதிர் பாய்ந்தால் இந்த நூல் அறுகிறது. ஒரு புரி அறுந்தால் செல் தானே ஒட்டிக்கொள்ளும். இரண்டு புரியும் ஒரே இடத்தில் அறுந்தால் கஷ்டம். ஆனாலும் செல் பெரும்பாலும் உடனே சாவதில்லை. ஒன்றும் நடக்காதது போல இருக்கும். பிரியப் போகும்போதுதான் குட்டு வெளிப்படும். அறுந்த நூலைப் பங்கிட முடியாமல் செத்துப் போகும்.

புற்றுச் செல்லோ அடங்காமல் பிரிந்துகொண்டே இருப்பது. அதனால் அதற்கு அடி அதிகம். வேகமாகப் பிரியும் செல்லைத்தான் கதிர் அதிகம் தாக்கும் என்று பிரெஞ்சு நிபுணர்கள் இருவர் 1906ல் சொன்னார்கள். வாயின் உட்புறத்துச் செல்லும் முடி வேரும்கூட வேகமாகப் பிரிபவை. வாயில் கதிர் பட்டால் புண் வருவதும், தலையில் பட்டால் முடி கொட்டுவதும் இதனால்தான்.

அடையாறில் வந்த கருவி

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்று நோயால் இறந்தார். அந்தத் துயரம் அக்காவை விடவில்லை. 1954ல் சென்னை அடையாறில் புற்று நோய் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அப்போது இருந்தவை 12 படுக்கைகள்தான்! சில ஆண்டுகளில், கதிர் பாய்ச்சும் கோபால்ட் கருவியும் அங்கே வந்துவிட்டது.

தினமும் கொஞ்சம்

மொத்தக் கதிரையும் ஒரே நாளில் கொடுத்தால் என்ன? நல்ல செல்லும் சேர்ந்து சாகும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால், நல்ல செல் இரவோடு இரவாக முடிச்சுப் போட்டுக்கொள்ளும். புற்றுச் செல்லுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. ஆகவேதான் பல புற்று நோய்களுக்கு வாரம் ஐந்து நாள் வீதம் ஐந்து முதல் ஏழு வாரம் வரை வைத்தியம் நடக்கிறது.

ஆறு வாரம் தறி நின்றால் கூலி ஏது? இரண்டே வாரத்தில் வலி குறைந்ததும், "ஊருக்குப் போகலாமே" என்று மனம் சொல்லும். அங்கேதான் ஆபத்து! தப்பிய புற்றுச் செல்கள் அந்த இடைவெளியில் மளமளவென்று பெருகிவிடும். நாள் தவறினால் டாக்டரிடம் உடனே சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு பயமும் உண்டு, கதிர் வீட்டாருக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்று. வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர், கருவியை நிறுத்தியதும் நின்றுவிடும். உடம்பில் தங்காது. வீடு திரும்பிய பாட்டி, பேரனை மடியில் தூக்கி வைத்துத் தாராளமாகக் கொஞ்சலாம்.