பயன்படுத்திய கார் விற்பனையில் தவறான விவரிப்பும் நுகர்வோர் உரிமைகளும்

பயன்படுத்திய காரை விற்பவர் அதன் ஓட்டம், விபத்து வரலாறு, தயாரிப்பு ஆண்டு, உரிமையாளர்களின் எண்ணிக்கை, கடன் நிலுவை முதலியவை குறித்துச் சொன்னது உண்மைக்கு மாறாக இருப்பது தவறான விவரிப்பு ஆகும். பழைய வண்டியை வாங்கிய பிறகு விற்றவருக்குப் பொறுப்பில்லை என்ற கருத்து பரவலாக உள்ளது. இது பாதி உண்மையே. பழைய காருக்கு இயல்பான தேய்மானத்தை வாங்குபவர் ஏற்க வேண்டும். விற்பவர் சொன்ன பொய்யை ஏற்க வேண்டியதில்லை. இக்கட்டுரை இந்தியச் சட்டங்களின் அடிப்படையில் அமைந்தது.

பொதுவான வடிவங்கள்

ஓட்டமானியில் கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டுதல், பெரிய விபத்தில் சிக்கிய காரை விபத்தில்லாதது எனச் சொல்லுதல், வாடகைக்கு ஓடியதைச் சொந்தப் பயன்பாட்டு வண்டி என விற்றல் ஆகியவை அதிகம் காணப்படுபவை. வெள்ளத்தில் மூழ்கிய காரைத் துடைத்து விற்பது மற்றொன்று. சென்னையில் 2015, 2023 ஆண்டுகளின் டிசம்பர் வெள்ளங்களில் ஏராளமான வாகனங்கள் நீரில் மூழ்கின. இருக்கைப் பட்டையை முழுவதும் இழுத்தால் தெரியும் சேற்றுக் கறை, தரைவிரிப்பின் அடியில் துரு ஆகியவை அத்தகைய காரின் அடையாளங்கள்.

பொருந்தும் சட்டங்கள்

சரக்கு விற்பனைச் சட்டம், 1930 இன் 15ஆம் பிரிவின்படி, விவரித்து விற்கப்படும் பொருள் அந்த விவரிப்புக்குப் பொருந்த வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்படாமலே அடங்கியிருக்கும் நிபந்தனை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பொருளின் தரம் குறித்துப் பொய்யாகச் சொல்வதை நியாயமற்ற வணிக நடைமுறையாகக் கருதுகிறது. மறுவிற்பனைக்காகவோ வணிக நோக்கத்துக்காகவோ வாங்குபவர் இச்சட்டத்தில் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாடகைக் கார் வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோரே.

சொன்ன பொய்யும் சொல்லாத குறையும்

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 இவ்விரண்டையும் வேறுபடுத்துகிறது. மோசடியால் சம்மதம் பெறப்பட்டிருந்தால் வாங்கியவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். ஆனால் 19ஆம் பிரிவு ஒரு விலக்கைத் தருகிறது: விற்பவர் மௌனமாக இருந்தோ, ஏமாற்றும் எண்ணமின்றித் தவறாகச் சொல்லியோ சம்மதம் பெற்றிருந்து, சாதாரண கவனத்துடன் பார்த்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால், ரத்து செய்யும் உரிமை கிடைக்காது. தெரிந்தே சொன்ன பொய்க்கு இந்த விலக்கு உதவாது.

எனவே வாங்கும் முன் நேரடியாகக் கேள்வி கேட்டு, பதிலை எழுத்தில் பெறுவது முக்கியம். "விபத்து நடந்ததா?" என்று கேட்காதவருக்கு விற்பவரின் மௌனம் மட்டுமே மிஞ்சும், கேட்டவரிடம் அவருடைய பதில் சான்றாக இருக்கும். "உள்ளது உள்ளபடி" என்ற வாசகம் ரசீதில் இருந்தாலும், தெரிந்தே செய்த மோசடிக்கு அது கவசமாகாது.

காலதாமதத்தின் விளைவு

விவரிப்பு பொய் எனத் தெரிந்தும் நியாயமான காலத்துக்குள் மறுப்புத் தெரிவிக்காமல் காரை வைத்திருந்தால், பொருளை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். அதன்பின் சரக்கு விற்பனைச் சட்டத்தின்படி காரைத் திருப்பித் தரும் உரிமை போய், இழப்பீடு கோரும் உரிமை மட்டுமே பொதுவாக எஞ்சும். எடுத்துக்காட்டாக, 45,000 கிலோமீட்டர் ஓடியதாக விற்கப்பட்ட கார் 1,10,000 கிலோமீட்டர் ஓடியிருப்பது சர்வீஸ் பதிவில் தெரியவந்தால், அன்றே எழுத்து மூலம் தெரிவித்துவிட்டு, தொடர்ந்து ஓட்டுவதைத் தவிர்ப்பது நல்லது.

திரட்ட வேண்டிய சான்றுகள்

- விளம்பரத்தின் நகல், கைப்பேசிச் செய்திகள், பணம் செலுத்திய ரசீது
- அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தின் பழைய பதிவுகள்
- பதிவுச் சான்று, காப்பீட்டு ஆவணங்கள்
- சார்பற்ற மெக்கானிக் கையொப்பமிட்ட ஆய்வு அறிக்கை

பழுதுபார்க்கும் முன்பே புகைப்படம் எடுக்க வேண்டும். கழற்றிய பாகங்களையும் வைத்திருக்க வேண்டும்.

புகார் செய்யும் முறை

முதலில் குறை, கோரிக்கை, பதில் தர வேண்டிய நாள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்பலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் வழியாகச் சமரசத்துக்கு முயலலாம். தீர்வு கிடைக்காவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். விலையைத் திருப்பித் தரவும், குறையை நீக்கவும், இழப்பீடும் வழக்குச் செலவும் வழங்கவும் ஆணையம் உத்தரவிடலாம்.

விற்றவர் யார் என்பதன் முக்கியத்துவம்

நுகர்வோர் ஆணையத்தின் வழி வணிகர்களுக்கு எதிரானது. தம் சொந்தக் காரை ஒருமுறை விற்கும் தனிநபர் பொதுவாக வணிகர் அல்லர் என்பதால், அவர் மீது உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர வேண்டியிருக்கும். பிரச்சினை வந்ததும் "இடைத்தரகர் மட்டுமே" என்று நிறுவனம் ஒதுங்காமலிருக்க, ரசீது யார் பெயரில் உள்ளது என்பதை வாங்கும்போதே பார்க்க வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பழைய வாகன வணிகர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்கிறது. அந்தச் சான்றைக் கேட்டுப் பார்ப்பது, பின்னர் யார் மீது புகார் செய்வது என்ற குழப்பத்தைக் குறைக்கும்.