விமானம் மாறும் நாட்டுக்கும் விசா வேண்டுமா?

வெளிநாட்டுப் பயணியின் ஆவணங்களுக்கு முதல் சோதனை, புறப்படும் விமான நிலையத்தின் செக்-இன் கவுன்ட்டரிலேயே நடந்துவிடுகிறது. உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றிச் சென்றால் விமான நிறுவனத்துக்கு அபராதம் விழும். அவரைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பும் அதன் தலையில்தான். அதனால் ஊழியர்கள் ‘டிமாட்டிக்’ என்ற தகவல் தொகுப்பைப் பார்த்தே அனுமதிக்கிறார்கள். விமான நிறுவனங்களின் பன்னாட்டுச் சங்கமான அயாட்டா பராமரிக்கும் தொகுப்பு இது. எந்த நாட்டுப் பாஸ்போர்ட், எங்கே பயணம், வழியில் எங்கே விமானம் மாறுகிறார் என்று கொடுத்தால் தேவையானதைச் சொல்லிவிடும். ஏதாவது குறைந்தால், கையில் டிக்கெட் இருந்தும் பயணம் அங்கேயே நின்றுவிடும்.

பலர் கோட்டை விடுவது இடைவழி நாட்டில்தான். போய்ச்சேரும் ஊருக்கு விசா எடுத்தவர்கள், இரண்டு மணி நேரம் விமானம் மாறும் நாட்டைப் பற்றி யோசிப்பதில்லை. அமெரிக்காவில் விமானம் மாறுவோரும் குடிநுழைவுச் சோதனையைக் கடந்தாக வேண்டும். மயாமி வழியாகத் தென் அமெரிக்கா போகும் இந்தியருக்கும் அமெரிக்க விசா தேவை. லண்டன் ஹீத்ரோவில் வெளியே வராமல் விமானம் மாறுவதற்கே இந்திய, இலங்கைக் குடிமக்களுக்கு டிரான்சிட் விசா வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க, கனடா, ஆஸ்திரேலிய விசா உள்ளவர்கள் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான டிரான்சிட் விசாப் பட்டியலில் இலங்கை இருக்கிறது. ஆகவே பாரிஸ் வழியாகச் செல்லும் ஒரே குடும்பத்தில் மகனிடம் கனடா பாஸ்போர்ட்டும் தாயிடம் இலங்கைப் பாஸ்போர்ட்டும் இருந்தால், இருவருக்கும் விதி வேறு வேறு.

மலிவாகக் கிடைக்கிறதென்று இரண்டு தனி டிக்கெட் எடுப்பது இன்னொரு சிக்கல். பெரும்பாலும் நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கும். அதற்குக் குடிநுழைவைத் தாண்டி வெளியே வரவேண்டும். அப்போது நுழைவு விசாவே தேவைப்படலாம். மிச்சம் பிடித்த பணத்தைவிட இழப்பு பெரிதாகிவிடும்.

பாஸ்போர்ட்டையும் புரட்டிப் பார்க்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகள் ஆறு மாதச் செல்லுபடி கேட்கின்றன. ஒற்றைப் பெயர் கொண்ட தமிழர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக உள்ளவர்களை விசிட் விசாவில் ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் விதி கொண்டுவந்தது. பாஸ்போர்ட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று பின்னர் விளக்கியது.

சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றும் வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்பச் சொல்கின்றன. அரசுத் தளங்களில் இது இலவசம். இந்த அட்டைக்குப் பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுடையது அல்ல.

கென்யா, உகாண்டா போன்ற நாடுகளுக்குப் போய்த் திரும்புவோரிடம் இந்தியாவே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கிறது. இல்லாதவர்களை ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாட்கள் கழித்தே சான்றிதழ் செல்லும் என்பதால் கடைசி நேரத்தில் ஓடிப் பயனில்லை. சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் இது போடப்படுகிறது.

விதிகள் அடிக்கடி மாறுகின்றன. டிராவல் ஏஜென்ட் சொன்னார், போன வருடம் போனவர் சொன்னார் என்பதெல்லாம் கவுன்ட்டரில் எடுபடாது. டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன்பே, இறங்கும் நாடு, மாறும் நாடு இரண்டின் அரசுத் தளங்களையும் பார்த்துவிடுங்கள். புறப்படும் வாரத்தில் மறுபடியும் பாருங்கள்.