அடைக்கோழிக்குத் தெரியாதது

திருவாரூர்ப் பக்கம் எங்கள் அப்பாயி வீட்டில் கொல்லைக்கதவைத் திறந்தால் குளம். சம்பா அறுவடை முடிந்து வாத்துக்காரர்கள் தாளடி வயலில் மந்தையை இறக்கும் மாதங்களில், அவர்களிடம் எட்டு முட்டை வாங்கி வைப்பார் அப்பாயி. அடைக்கு உட்காரத் துடிக்கும் கறுப்புப் பெட்டை ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கும். ஓட்டைக் கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, முட்டைகளை அடுக்கி, அதன்மேல் கோழியை உட்கார வைத்துவிடுவார்.

மூன்றாவது வாரத்தில் ஒரு வேலை ஆரம்பமாகும். கோழி இரைக்கு எழுந்து போகிற நேரம் பார்த்து, அப்பாயி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து விரல் நுனியால் முட்டைகள்மேல் தெளிப்பார். ஏனென்று ஒருநாள் கேட்டேன்.

“தாய் வாத்தா இருந்தா குளத்துல முங்கிட்டு ஈர வயித்தோட வந்து உக்காரும். கோழிக்கு அது தெரியுமாடா?”

கொல்லையில் வாத்து வளர்க்கிற பலர் சறுக்குவது இந்தக் கேள்வியில்தான். வாத்தை நாம் தண்ணீரில் நீந்தும் கோழி என்று நினைத்துக்கொள்கிறோம். கோழிக்கூடு, கோழித்தீவனம், கோழிக்குப் போடும் ஊசி. வாத்தோ கோழியிலிருந்து வேறுபடும் இடம் ஒவ்வொன்றிலும் நம்மிடம் கணக்குக் கேட்கிறது.

ஏழு நாள் கூடுதல்

கோழி முட்டை பொரிக்க 21 நாள். நாட்டு வாத்துக்கும் காக்கி கேம்ப்பெல்லுக்கும் 28 நாள். முகத்தில் சிவப்புச் சதை தொங்கும் மணிலா வாத்துக்கு 35 நாள். காரணம், மணிலா வாத்து வேறொரு குலம். உலகின் மற்ற வீட்டு வாத்துகள் எல்லாம் மல்லார்டு என்னும் காட்டு வாத்தின் வாரிசுகள். மணிலா மட்டும் தென், மத்திய அமெரிக்கக் காடுகளிலிருந்து வந்தது. பெயரில்தான் பிலிப்பைன்ஸ்.

அடைகாக்கும் தாய் இருக்க, கோழியைத் தேடுவானேன்? முட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்க்கப்பட்ட வாத்தினங்களுக்கு அடைக்கு உட்காரும் குணம் அநேகமாகப் போய்விட்டது. ஆண்டுக்கு முந்நூறு முட்டை வரை இடக்கூடிய காக்கி கேம்ப்பெல், முட்டையை இட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். மணிலா வாத்து அப்படியில்லை. இன்றும் பொறுப்பான தாய்.

முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. கரு வளர வளர, அவற்றின் வழியே நீர் ஆவியாகி, அகன்ற முனையில் காற்றறை பெரிதாகும். நீர் போவது அவசியம்தான்; அளவுக்கு மீறிப் போனால் ஆபத்து. கடைசி நாட்களில் உள்சவ்வு காய்ந்து தோல்போல் இறுகினால், குஞ்சு அதற்குள் சிக்கிக்கொள்ளும். வாத்து முட்டைக்கு அந்த நேரத்தில் ஈரப்பதம் நிறைய வேண்டும். குஞ்சு பொரிப்பான் வைத்திருப்பவர்கள் தண்ணீர்த் தட்டு வைப்பதும், அப்பாயி செம்பைத் தூக்கியதும் இதற்காகத்தான்.

ஓட்டில் முதல் விரிசல் விழுந்த பிறகும் குஞ்சு வெளிவர ஒரு நாள் ஆகலாம், சில சமயம் இரண்டு நாள்கூட. பாவம் பார்த்து ஓட்டை உரித்துவிடக் கூடாது. சவ்வில் ஓடும் இரத்தம் இன்னும் உடம்புக்குள் திரும்பியிருக்காது. அவசரப்பட்டால் இரத்தப்போக்கில் குஞ்சு போய்விடும்.

ஓட்டுக்குள் கேட்ட குரல்

பொரிப்பதற்கு முன்பே குஞ்சு காற்றறைக்குள் அலகை நுழைத்து மூச்சுவிடத் தொடங்கும். அப்போதே குரலும் வந்துவிடும். முட்டையைக் காதருகே பிடித்தால் ‘கீச் கீச்’ என்று கேட்கும்.

இந்தக் கீச்சொலியை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர் அமெரிக்காவின் வட கரோலினாவில் பணியாற்றிய கில்பர்ட் காட்லீப். தாய் வாத்தின் குரலை ஒருமுறைகூடக் கேட்டிராத குஞ்சுகளிடம், ஒருபுறம் வாத்துத் தாயின் அழைப்பையும் மறுபுறம் கோழித் தாயின் அழைப்பையும் ஒலிக்கவிட்டார். குஞ்சுகள் வாத்தின் குரலை நோக்கி நடந்தன. பிறவி அறிவு என்று எழுதி முடித்திருக்கலாம். அவர் முடிக்கவில்லை. முட்டைக்குள்ளேயே குரல் எழாதபடி செய்து, உடன்பிறப்புகளின் ஒலியும் எட்டாமல் தனிமையில் வைத்த குஞ்சுகளைச் சோதித்தார். அவற்றால் வாத்துக் குரலையும் கோழிக் குரலையும் பிரித்தறிய முடியவில்லை.

ஆக, தன் இனத்தின் குரலை அறியும் திறமையை முழுதாக ‘இரத்தத்தில் வந்தது’ என்று சொல்லிவிட முடியாது. தன் குரலையும் பக்கத்து முட்டைகளின் குரலையும் கேட்டுக் கேட்டே செவி பழகுகிறது. எங்கள் கறுப்புப் பெட்டையின் வயிற்றுக்கடியில் எட்டு முட்டைகளும் ஒன்றுக்கொன்று பாடம் நடத்திக்கொண்டிருந்திருக்கின்றன.

காதுக்கு இந்தப் பாடம் என்றால், கண்ணுக்கு வேறொன்று. பொரித்தவுடன் கண்ணில்படும் நகரும் பொருளைத் தாயென்று பதித்துக்கொள்ளும் இயல்பை 1935இல் விரிவாக எழுதியவர் ஆஸ்திரியாவின் கோன்ராட் லோரன்ஸ். சாம்பல் கூஸ் குஞ்சுகள் அவரையே தாயாக வரித்து, வரிசைகட்டிப் பின்னால் நடந்தன. 1973இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். 1950களில் எக்கார்டு ஹெஸ் என்ற ஆய்வாளர், சுற்றிவரும் பொம்மை வாத்தை வைத்து நேரம் கணித்தார். மல்லார்டு குஞ்சுக்கு இந்தப் பதிவு மிக ஆழமாக விழுவது பொரித்த 13 முதல் 16 மணி நேரத்துக்குள்.

இதில் வளர்ப்பவருக்கு ஒரு பாடம் உண்டு. ஒற்றைக் குஞ்சை வாங்கிவந்து மடியிலேயே வைத்து வளர்த்தால், அது ஆளைத் தாயென நம்பும். பிரிந்தால் கத்திக் களைத்துவிடும். குறைந்தது இரண்டு மூன்றாக வாங்குவதே நியாயம்.

தட்டில் இருக்கும் வித்தியாசம்

பொரித்து இரண்டு வாரம் ஆன குஞ்சு திடீரென்று நொண்டும். கால் வில்போல் வளையும், மூட்டு வீங்கும், பிட்டத்தைத் தரையில் ஊன்றி நகரும். அடிபட்டிருக்கும் என்று நினைத்து மஞ்சள் அரைத்துப் பூசுவோம். பல நேரம் நோய் காலில் இல்லை, தட்டில் இருக்கிறது.

நயாசின் என்ற பி வைட்டமினை, டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்து உடம்பே கொஞ்சம் தயாரித்துக்கொள்ளும். அந்த வேலையில் வாத்து மட்டம். அதனால் ஒரு கிலோ தீவனத்தில் கோழிக்குஞ்சுக்கு 35 மில்லிகிராம் நயாசின் போதும் என்றால், வாத்துக்குஞ்சுக்கு 55 வேண்டும். வெறும் சோறும் குருணையும் மக்காச்சோளமும் தின்று வளரும் குஞ்சுக்கு இது கிடைக்காது. மக்காச்சோளத்தில் உள்ள நயாசினில் பெரும்பகுதி உடம்பில் சேராத வடிவில் இருக்கிறது. ஈஸ்ட், மீன், கருவாட்டுத்தூள் ஆகியவற்றில் நயாசின் தாராளம். நயாசின் குறைவால் வந்த வளைவை ஆரம்பத்திலேயே பார்த்து ஈஸ்ட் கலந்து கொடுத்தால் பெரும்பாலும் நிமிர்த்திவிடலாம். எலும்பு கோணி இறுகிய பிறகு கஷ்டம். வயலில் நத்தையும் புழுவும் பொறுக்கித் தின்னும் மந்தை வாத்துக்கு இந்தத் தொல்லை ஏன் குறைவு என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

அடுத்தது நம் வீட்டுச் சரக்கு: கடலைப் புண்ணாக்கு. 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. சில மாதங்களில் ஒரு லட்சத்துக்கு மேல். பெயர் தெரியாத அந்த நோயை ‘டர்க்கி எக்ஸ்’ என்று அழைத்தார்கள். வாத்துக்குஞ்சுகளும் மாண்டன. தேடிப் போனபோது, தீவனத்தில் சேர்த்த பிரேசில் நாட்டுக் கடலைப் புண்ணாக்கு அகப்பட்டது. அதில் வளர்ந்திருந்த அஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை ஒரு நஞ்சைச் சுரந்திருந்தது. பூஞ்சையின் பெயரை ஒட்டி அதற்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். கல்லீரலைத் தாக்கும் அந்த நஞ்சு மனிதருக்கும் புற்றுநோய் தருவது என்று பின்னர் உறுதியானது.

இந்த நஞ்சுக்கு மிக எளிதில் பலியாகும் உயிர்களில் ஒன்று வாத்துக்குஞ்சு. எந்த அளவுக்கு என்றால், தீவனத்தில் நஞ்சு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஆய்வகங்கள் ஒருநாள் வயதுக் குஞ்சுகளையே கருவியாகப் பயன்படுத்தின. மழைக்காலத்தில் ஈரம் பட்டுப் பச்சை படர்ந்த புண்ணாக்கை, மேலே சுரண்டிவிட்டுப் போடுவது நம் வழக்கம். மாடு சில நாள் தாங்கும், வாத்துக்குஞ்சு தாங்காது. வெயிலில் காயவைத்தாலும் கொதிக்கவைத்தாலும் நஞ்சு முழுதாகப் போகாது. குப்பைக்குழிதான் அதற்கு இடம்.

எவ்வளவு தண்ணீர்?

வாத்துக்குக் குளம் வேண்டுமா? கட்டாயமில்லை. தலை முங்கும் ஆழத்துக்குத் தண்ணீர் கட்டாயம் வேண்டும். வளர்ந்த வாத்து அலகையும் மூக்குத்துளையையும் கண்ணையும் முக்கி அலசிக்கொள்ளும். முடியாமல் போனால் கண்ணைச் சுற்றிப் பொருக்குக் கட்டும். 12 முதல் 15 சென்டிமீட்டர் ஆழமான தொட்டி போதும். தீவனத்தை ஒரு வாய் அள்ளி, ஓடிப்போய்த் தண்ணீரில் அலசி விழுங்குவது அதன் வழக்கம். தீவனத்தட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் இல்லையென்றால் தொண்டையில் அடைக்கும்.

குஞ்சுக்குக் கணக்கு வேறு. அலகு நனையலாம், உடம்பு இறங்கக் கூடாது. தாய் வாத்தோடு நீந்தும் குஞ்சு, நனைந்தால் உடனே அதன் சிறகுக்கடியில் புகுந்துகொள்ளும். பெட்டியில் பொரித்த குஞ்சுக்கு அந்தப் போர்வை இல்லை. பூஞ்சிறகு அழுக்கேறி நனைந்தால், இடையில் தங்கும் காற்று வெளியேறி உடம்பு சில்லிட்டுவிடும். மூழ்கிச் சாவதைவிட விறைத்துச் சாவதுதான் அதிகம். முதல் வாரம் 32 டிகிரிக்குக் குறையாத கதகதப்பு வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். குஞ்சுகள் விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர்கிறது. விலகி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். தெர்மாமீட்டரைவிட நம்பகமான கருவி குஞ்சுதான்.

இன்னொன்று: வாத்து விடியலுக்கு முன்பே முட்டையிடத் தொடங்கும். காலை ஆறு மணிக்குக் கூட்டைத் திறந்தால், மிச்ச முட்டை குளத்துச் சேற்றில். ஒன்பது மணி வரை அடைத்து வைத்தால் கூட்டிலேயே கிடைக்கும்.

கூஸ் என்னும் மேய்ச்சல்காரர்

நம் ஊரில் கூஸ் வாத்து என்று வாங்கி வளர்ப்பது வாத்துக்கு உறவுதான், ஆனால் குணத்தில் ஆடு. புல்தான் அதற்கு முதல் உணவு. பொரித்த மறுநாளே குஞ்சு புல் நுனியைக் கிள்ளத் தொடங்கும். சத்து கூடிய தீவனத்தை மட்டுமே கொட்டி வேகமாக வளர்த்தால், சிறகின் நுனி எலும்பு பாரம் தாங்காமல் வெளிப்பக்கம் திரும்பிவிடும் ஆபத்துண்டு. கூஸ் ஏறக்குறைய முப்பது நாள் தானே அடைகாக்கும். ஆண் பக்கத்தில் நின்று காவல் காக்கும். வாசலில் புது ஆள் வந்தால் கழுத்தை நீட்டிச் சீறுவது வீட்டைக் காக்க அல்ல, குடும்பத்தைக் காக்க. இருபது ஆண்டு வாழக்கூடிய பறவை. பிள்ளைகள் கேட்டார்கள் என்று வாங்குவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

நோயிலும் வாத்து தனி வழி. கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் ஊசி போட்டால் வாத்துக்கும் சேர்ந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. வாத்து பிளேக் என்ற வேறு நோய்க்கு வேறு தடுப்பூசி உண்டு. கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போடலாம். பறவைக் காய்ச்சல் கிருமிகளில் சிலவற்றை வாத்து நோயின்றியே சுமந்து கோழிக்குக் கொடுக்கும். சில கிருமிகள் வாத்தையே கொல்லும். 2014இல் கேரளத்தின் குட்டநாடு அதைக் கண்டது. கோழியையும் வாத்தையும் ஒரே பஞ்சாரத்தில் கவிழ்ப்பது இரண்டுக்கும் நல்லதல்ல.

அப்பாயி இதையெல்லாம் படித்தவர் இல்லை. அந்த வருஷம் எட்டில் ஒன்று கூமுட்டை, ஏழு பொரித்தன. பத்தாம் நாள் குஞ்சுகள் கோழியை விட்டுவிட்டுக் குளத்தில் இறங்கின. கறுப்புப் பெட்டை படிக்கட்டில் மேலும் கீழும் ஓடி, இறக்கையை அடித்துக்கொண்டு கத்தியது. அப்பாயி அவசரப்படவில்லை. சற்று நேரம் விட்டு, குருணையைத் தட்டில் போட்டுத் தட்டினார். ஏழும் கரையேறி, நடுங்கிக்கொண்டே நேராகக் கோழியின் வயிற்றுக்கடியில் நுழைந்தன. சில்லென்ற ஈரம் பட்டதும் கோழி ஒருமுறை துள்ளி எழுந்தது. பிறகு இறக்கையை விரித்து, ஏழையும் மூடி உட்கார்ந்தது. செம்பில் மொண்டு தெளித்த ஈரத்தை அன்று குஞ்சுகளே கொண்டுவந்திருந்தன.