காவல் விசாரணையில் மொழிபெயர்ப்பும் உரிமையும்

கைது செய்யப்பட்டவருக்கு அதற்கான காரணங்களை அறிவித்தல் வேண்டும் என்பது இந்திய அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு. அறியாத மொழியில் கூறுவது அறிவித்தலாகுமா? லல்லுபாய் ஜோகிபாய் படேல் வழக்கில், குஜராத்தி மட்டுமே அறிந்தவருக்குத் தடுப்புக்காவல் காரணங்கள் ஆங்கிலத்தில் தரப்பட்டன. காவல் ஆய்வாளர் அவற்றைக் குஜராத்தியில் வாய்மொழியாக விளக்கியது போதாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கைதுக்கான காரணங்கள் கைதானவருக்குப் புரியும் மொழியில் சென்றடைய வேண்டும் என்பதை 2025இல் விஹான் குமார் வழக்கிலும் அந்நீதிமன்றம் வலியுறுத்தியது.

ஆயினும், கைதுக்குப் பின் நிகழும் வினா விடைக்கு இத்தகைய காப்பு இல்லை. நடுவர் முன் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலம், அது எழுதப்பட்ட மொழியை அறியாதவருக்கு அவரறிந்த மொழியில் விளக்கப்படுதல் வேண்டும். அவர் அதில் திருத்தமும் கூறலாம். காவல் விசாரணைக்குரிய பிரிவோ (1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் 161, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 180), தம்மைக் குற்றத்திற்கு உட்படுத்தும் வினாவுக்கு விடையளிக்க வேண்டுவதில்லை என்கிறது, மொழிபெயர்ப்பாளரைப் பற்றி ஏதும் கூறவில்லை. விசாரிக்கும் காவலரே மொழிபெயர்ப்பாளராகவும் அமைய இது இடந்தருகிறது.

இதன் விளைவைத் தமிழ் வழக்கிலிருந்தே காட்டலாம். ‘தள்ளிவிட்டேன்’ என்பதிலுள்ள ‘விடு’ என்னும் துணைவினை செயல் முற்றுப்பெற்றதையும் உணர்த்தும். எண்ணாமல் நேர்ந்தது என்ற வருத்தத்தையும் உணர்த்தும். ஆங்கிலத்தில் வெறும் இறந்தகால வினையாக எழுதினால் பின்னைய பொருள் மறைந்து, செயல் வேண்டுமென்றே செய்ததாகத் தோன்றும். ‘நீ அங்குப் போகவில்லையா?’ என்ற வினாவுக்கு ‘ஆமாம்’ என்பது ‘போகவில்லை’ என்ற விடையே. வினாவை நீக்கி விடையை மட்டும் பெயர்த்தால் மறுப்பு ஒப்புதலாகிவிடும். கேட்டுக்கொண்டிருப்பதற்கு அடையாளமாகக் கூறும் ‘சரிங்க’ என்பதும் அவ்வாறே உடன்பாடாகப் பதிவாகலாம். உரிமையைக் கூறும் தொடரிலும் இடர் உண்டு. ‘விரும்பினால் சொல்லலாம்’ என்பது சொல்லத் தூண்டுவதாக ஒலிக்கும். ‘சொல்லாமல் இருக்க உமக்கு உரிமை உண்டு’ என்பதே கருத்தை ஐயமின்றி உணர்த்தும்.

காவல் அலுவலரிடம் செய்த ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்க இயலாது என்பது பொதுவிதி. எனினும், புலனாய்வு செல்லும் திசையை அதுவே முடிவுசெய்யக்கூடும். எனவே மொழிபெயர்ப்பாளர் விசாரணையில் தொடர்பற்றவராக இருத்தல், வினாவையும் விடையையும் மூலமொழியிலேயே எழுதிப் பெயர்ப்பை அருகில் தருதல், ஒலிப்பதிவைப் பேணுதல் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. மூலம் எஞ்சியிருந்தால்தான் பெயர்ப்பின் பிழையைப் பின்னர் எவரும் சுட்ட இயலும்.